குடும்பப் படம்: கொல்கத்தாவில் கார்த்திகை வரை பொறுங்கள்

குடும்பத்தோடு நல்ல படம் எடுக்க எந்த மாதம் தோது என்று கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் பதிலையும் கையோடு கொண்டுவருகிறார்கள்: துர்கா பூஜை. ஊரே விளக்கும் பந்தலுமாக இருக்கும், எல்லோரிடமும் புதுத்துணி இருக்கும், சென்னையிலிருந்தோ கும்பகோணத்திலிருந்தோ தாத்தா பாட்டி வந்திருப்பார்கள். ஆசை நியாயமானதுதான். ஆனாலும் பூஜை வேண்டாம், கார்த்திகை பிறக்கட்டும் என்றுதான் நான் சொல்வேன். லேக் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்களையும் வங்காளிக் குடும்பங்களையும் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முந்தைய தலைமுறைக்கு இந்தக் கேள்வியே கிடையாது. படம் என்றால் ஸ்டூடியோ. எஸ்பிளனேடு பக்கம் 19ஆம் நூற்றாண்டிலிருந்து இருந்துவந்த போர்ன் அண்ட் ஷெப்பர்ட், 1991இல் தீ விபத்தில் தன் பழைய படங்களில் பெரும்பகுதியை இழந்து, 2016இல் மூடப்பட்டது. இன்று குடும்பங்கள் ஏரிக்கரைக்கும் படித்துறைக்கும் வந்து நிற்கின்றன. கூரைக்கு வெளியே வந்துவிட்ட பிறகு வெயிலையும் காற்றையும் கேட்காமல் நாள் குறிக்க முடியாது.

வெயிலை முதலில் பார்ப்போம். கொல்கத்தா கடக ரேகைக்குச் சற்றே தெற்கில் இருக்கிறது. ஜூன் மாத நண்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக நிற்கும். கண்குழி கறுத்துவிடும், மூக்கின் நிழல் உதட்டில் விழும், யாருமே தங்களைப் போல இருக்கமாட்டார்கள். கார்த்திகையிலோ நண்பகலில்கூடச் சூரியன் 50 டிகிரி உயரத்தைத் தொடுவதில்லை. சென்னையில் அதே நாள்களில் 54 முதல் 58 டிகிரி வரை ஏறும். இந்தச் சாய்வு வெயில்தான் முகத்துக்கு அழகு. கன்னமும் நெற்றியும் உருண்டு தெரியும், பட்டுப்புடவையின் ஜரிகை கண்ணைக் கூசவைக்காமல் மின்னும்.

கடிகாரத்தில் ஒரு கவனம் வேண்டும். இந்திய நேரத்தைக் கணக்கிடும் தீர்க்கரேகைக்குக் கொல்கத்தா வெகுவாகக் கிழக்கே இருப்பதால் இங்கே பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். கார்த்திகை முழுக்க மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைகிறது. ஊரிலிருந்து வரும் உறவினர்கள் சென்னைப் பழக்கத்தில், “நாலரைக்குக் கிளம்பினால் போதுமே” என்பார்கள். நாலரைக்கு நாம் கடைசிப் படங்களை எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டரை மணிக்கு எல்லோரும் இடத்தில் இருக்கும்படி சொல்லுங்கள். பெரிய குழுப்படத்தை முதலில் முடித்து, தாத்தா பாட்டியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, தம்பதி படங்களையும் குழந்தைப் படங்களையும் நாலு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு மாலை சரிப்படாது, அது தூங்கும் நேரம். காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை எடுத்துவிடுவேன்.

அடுத்தது காற்று. பருவமழை பெரும்பாலும் அக்டோபர் நடுவில் இந்த ஊரைவிட்டு விலகுகிறது. அதன் பிறகு சில வாரங்கள் வானம் கழுவிவிட்டதுபோல இருக்கும். ஐப்பசி அமாவாசையில் காளி பூஜை வரும். பட்டாசுப் புகை அடங்க நாலைந்து நாள் விடுங்கள். டிசம்பர் கடைசியில் புகைமூட்டம் தரையோடு படியத் தொடங்கி, சூரியன் அடிவானத்தைத் தொடுவதற்கு வெகுமுன்பே மங்கிப்போகும். தெளிவான காற்று, சாய்ந்த வெயில், வேர்க்காத உடம்பு மூன்றும் சேர்ந்து அமைவது நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரைதான்.

பூஜை நாள்களில் இவற்றில் ஒன்றும் உறுதியில்லை. 2025 பூஜைக்குச் சில நாள் முன்பு, செப்டம்பர் 23 விடிவதற்குள் பெய்த பேய்மழையில் நகரமே மூழ்கி, உயிர்களும் போயின. மழை இல்லாவிட்டாலும் புழுக்கம் விடாது. இரவெல்லாம் பந்தல் பந்தலாக நடந்துவிட்டுக் காலையில் வருகிற முகங்களில் தூக்கம் அப்பிக்கிடக்கும். நியூ டவுன் பக்கம் வெள்ளை வெளேரென்று பூத்துக்கிடக்கும் காஷ் நாணலுக்காக அந்தச் சமயம்தான் வேண்டும் என்பவர்கள், விடிந்ததும் போய் ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். குழந்தைகளுக்கு முழுக்கால் சட்டையும் மூடிய செருப்பும் போட்டு அழைத்துப்போங்கள். பந்தலில் புஷ்பாஞ்சலி செலுத்தும் படம் ஒன்று வேண்டுமானால் கைப்பேசியே போதும்.

கார்த்திகையில் ஒரு சிக்கல் உண்டு. வங்காளிகளின் அக்ராயண் மாதமும் நம் கார்த்திகையும் கிட்டத்தட்ட ஒரே நாள்கள். அது அவர்களுக்குக் கல்யாண மாதம். நல்ல போட்டோகிராபர்கள் எல்லோரும் கல்யாணப் பந்தலுக்குப் போய்விடுவார்கள், கூலியும் ஏறும். இதற்கு நான் எல்லோருக்கும் சொல்லும் வழி, வங்காளப் பஞ்சாங்கமான பஞ்சிகை ஒன்று வாங்குங்கள். குப்தா பிரஸ், பி.எம். பாக்சி இரண்டும் கடைகளில் கிடைக்கும். அதில் கல்யாண லக்னம் உள்ள தேதிகள் தனியாகப் போட்டிருக்கும். லக்னம் இல்லாத நாளாகப் பார்த்து, வாரநாளாக இருந்தால் இன்னும் நல்லது, பூஜைக்கு முன்பே பேசிவிடுங்கள். எங்களுக்கும் அன்று அவசரமில்லை. ஒரு குழந்தை சிரிக்கும்வரை உட்கார்ந்திருக்க முடியும்.

மார்கழியில் அவர்களுக்கும் கல்யாணம் இல்லை, நமக்கும் இல்லை. போட்டோகிராபர் எளிதாகக் கிடைப்பார். ஆனால் மூட்டம் இருக்கும், ஏரிக்கரை முழுவதும் கூட்டம். ஜனவரி விடியற்காலையில் குளிர் 12, 13 டிகிரிக்கு இறங்கும்போது ஊரிலிருந்து வந்த பாட்டி மஃப்ளரைக் கழற்றமாட்டார். கழற்றச் சொல்லவும் கூடாது. பதினொரு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதத்தில் அந்த வெயிலும் மென்மைதான்.

என் கணக்கில் இரண்டாம் இடம் மாசிக்கு. இலவும் பலாசமும் சிவப்பாகப் பூத்திருக்கும், மூட்டம் குறைந்திருக்கும். மார்ச்சில் பிள்ளைகளுக்குத் தேர்வு வருவதால் பிப்ரவரியிலேயே முடித்துவிடுவது நல்லது.

பேரப்பிள்ளைகள் மே விடுமுறையில்தான் வருவார்கள் என்றால் விடியலைப் பிடியுங்கள். அப்போது ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். ஐந்தேகாலுக்கு ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் தொடங்கினால் ஆறரைக்குள் முடித்து வீடு திரும்பலாம். முதல்நாள் மாலை கால்பைசாகி புயல் அடித்திருந்தால் மறுநாள் காலை வெளிச்சத்துக்கு ஈடே இல்லை. மழைக்காலத்தில் வீட்டு வராந்தாவே போதும். குளிர்சாதன அறையிலிருந்து கேமராவை வெளியே எடுத்தவுடன் லென்ஸில் நீர் படியும் என்பதால், அரைமணி முன்பே பையோடு வெளியே வைத்துவிடச் சொல்லுங்கள்.

இடத்தைத் திசை பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஹூக்ளி ஊருக்கு மேற்கே ஓடுவதால் பிரின்சப் காட் படித்துறையில் மாலைச் சூரியன் ஆற்றுக்கு அப்பால் இறங்கும். நிற்பவர்களுக்குப் பின்னிருந்து ஒளி வரும், முடியின் ஓரம் பொன்னாகும், ஆனால் முகத்துக்கு ரிஃப்ளெக்டர் வேண்டும். முகத்தில் நேர் வெளிச்சம் வேண்டுமென்றால் காலையில் போங்கள். விக்டோரியா நினைவகத்தின் வடக்கு முகப்பு கார்த்திகையில் நிழலில் இருக்கும். பத்துப் பதினைந்து பேரை ஒரே சீராகக் காட்டுவதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. அங்கே தொழில்முறைப் படப்பிடிப்புக்கு முன்அனுமதி வேண்டும் என்பதால் அதை யார் வாங்குவது என்று முன்பணம் கொடுக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள்.

இத்தனையும் சொன்னாலும், வீட்டில் எண்பதைத் தாண்டிய பெரியவரோ உடல் தளர்ந்தவரோ இருந்தால் கார்த்திகைக்குக் காத்திருக்காதீர்கள். ஆடி மாதமாக இருந்தாலும் சரி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு போட்டோகிராபரை வீட்டுக்கு அழையுங்கள். ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டால் போதும்.