கூலரைத் தொட்டால் ஏன் ஷாக் அடிக்கிறது?

மே மாதம். ராஜஸ்தானில் அனல் காற்று வீசும் காலம். அந்தக் காற்றை அங்கே 'லூ' என்பார்கள். பல ஊர்களில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். பகலில் வெளியே தலை காட்ட முடியாது. வசதி உள்ளவர்கள் ஏ.சி. போட்டுக்கொள்வார்கள். மற்றவர்கள் வீட்டில் கூலர்தான்.

கூலர் என்பது ஒரு தகரப் பெட்டி. அதன் மூன்று பக்கமும் மரச்சீவல் அல்லது வெட்டிவேர்த் தட்டி இருக்கும். அடியில் தண்ணீர்த் தொட்டி. ஒரு சின்ன பம்பு தண்ணீரை மேலே ஏற்றித் தட்டியை நனைக்கும். உள்ளே விசிறி சுற்றும். குளிர்ந்த காற்று வரும்.

தகரம், தண்ணீர், மின்சாரம் மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. கோடையில் கூலரைத் தொட்டு உயிர் இழப்பவர்கள் உண்டு. தொட்டியில் தண்ணீர் ஊற்றப் போன பெண், பக்கத்தில் விளையாடிய குழந்தை என்று செய்தி வரும். நம் நாட்டில் மின்சாரம் தாக்கி ஆண்டுதோறும் 10,000-க்கும் அதிகமானோர் இறக்கிறார்கள்.

நேற்று வரை தொட்ட கூலர் இன்று ஏன் தாக்குகிறது?

வீட்டுக்கு வரும் மின்கம்பிகள் இரண்டு. ஒன்று பேஸ். இன்னொன்று நியூட்ரல். பேஸ் வழியாக 230 வோல்ட் மின்சாரம் வருகிறது. விசிறியைச் சுற்றிவிட்டு நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. கம்பியின் மேல் பிளாஸ்டிக் உறை இருக்கும் வரை மின்சாரம் தன் வழியே போகும். கூலர் ஓடும்போது அதிர்கிறது. அதிர அதிர உறை தேய்கிறது. எலியும் கடிக்கிறது. ஒருநாள் கம்பி தகரத்தில் படுகிறது. அன்று முதல் தகரம் முழுவதும் பேஸ்தான். பார்த்தால் தெரியாது. கூலர் வழக்கம்போல ஓடும்.

அந்த நேரத்தில் ஒரு பெண் வாளியோடு வருகிறாள். காலில் செருப்பு இல்லை. தரை ஈரம். கை தகரத்தில் படுகிறது. தெருவில் உள்ள டிரான்ஸ்பார்மரில் நியூட்ரலை மண்ணோடு இணைத்திருப்பார்கள். அதனால் மண்ணும் மின்சாரம் திரும்பிப் போகும் ஒரு வழி. கை வழியாக நுழைந்த மின்சாரம் நெஞ்சைக் கடந்து, கால் வழியாக மண்ணுக்குப் போகிறது.

மின்கம்பியில் குருவி உட்கார்ந்திருக்கிறதே, அதற்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? குருவியின் இரண்டு காலும் ஒரே கம்பியில் இருக்கின்றன. மண்ணுக்குப் போக வழி இல்லை. அதனால் அதன் உடலில் மின்சாரம் பாயாது.

உலர்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும். நனைந்த தோல் தடுக்காது. வியர்த்த கையும் அப்படித்தான்.

"கரண்டு இழுத்துப் பிடித்துக்கொண்டது" என்று சொல்வார்கள். மின்சாரம் யாரையும் இழுப்பதில்லை. அது பாய்ந்ததும் கையின் தசைகள் சுருங்குகின்றன. விரல்கள் தாமாக மடங்குகின்றன. பிடித்தவர் விட நினைத்தாலும் விட முடியாது.

எவ்வளவு மின்சாரம் உயிரைப் பறிக்கும்? 60 வாட் குண்டு பல்பு எரிய ஏறத்தாழ 260 மில்லி ஆம்பியர் வேண்டும். அதில் ஐந்தில் ஒரு பங்கு நெஞ்சு வழியாகப் பாய்ந்தாலே இதயத் துடிப்பு தடுமாறி நின்றுவிடலாம்.

"பியூஸ் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?" என்று பலர் கேட்கிறார்கள். காப்பாற்றாது. 5 ஆம்பியர் பியூஸ் உருக 5,000 மில்லி ஆம்பியருக்கு மேல் வேண்டும். கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் இருக்கத்தான் பியூஸ்.

ஆளைக் காப்பது எர்த் கம்பி. மூன்று முனைப் பிளக்கில் பெரிய முனை எர்த்துக்கு உரியது. அதன் கம்பி பச்சை நிறம். அது தகரத்தை மண்ணோடு இணைக்கிறது. தகரத்தில் மின்சாரம் கசிந்தால் பெரும்பகுதி அந்தக் கம்பி வழியாகவே மண்ணுக்குப் போய்விடும். ஆனால் பல வீடுகளில் என்ன நடக்கிறது? பிளக்கே இல்லை. இரண்டு கம்பிகளை பாயிண்டில் நுழைத்துத் தீக்குச்சியைச் செருகிவிடுகிறார்கள். ஒரு பிளக்கின் விலையை மிச்சம் பிடிக்க இவ்வளவு துணிச்சல்!

எர்த் குழியில் அடுப்புக்கரியும் உப்பும் போட்டுக் குழாயைப் புதைப்பார்கள். மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது. கோடையில் அந்தக் குழியில் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இன்னொரு கருவியும் உண்டு. ஆர்.சி.சி.பி. என்பது அதன் பெயர். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே நொடிக்குள் இணைப்பைத் துண்டிக்கும். வீட்டுக்கு இந்த 30 மில்லி ஆம்பியர் வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். அதில் 'டெஸ்ட்' பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம்.

கூலரில் தண்ணீர் ஊற்றும் முன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சில வீடுகளில் சுவிட்சை நியூட்ரலில் மாட்டியிருப்பார்கள். அணைத்தாலும் பேஸ் உள்ளே இருக்கும். பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும்.

குளிர்காலத்தில் தில்லியில் வேறு ஒரு ஷாக் உண்டு. கம்பளிச் சட்டையைக் கழற்றினால் படபடவென்று பொறி பறக்கும். கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுருக்கென்று குத்தும். வறண்ட காற்றில் துணி உரசுவதால் உடலில் மின்சாரம் சேர்கிறது. அதன் வோல்ட் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆனால் அளவு மிகச் சொற்பம். கண் இமைப்பதற்குள் தீர்ந்துவிடும். இதனால் உயிருக்கு ஆபத்து இல்லை.

புயலில் அறுந்து விழுந்த கம்பி அப்படி அல்ல. தெருவில் போகும் பெரிய கம்பியில் 11,000 வோல்ட் இருக்கும். விழுந்த இடத்தைச் சுற்றி மண்ணிலும் மின்சாரம் பரவும். மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே தூரம் அதிகம். அதனால்தான் கம்பியைத் தொடாமலே மாடு சாகிறது. அருகில் சிக்கியவர் காலை அகட்டி நடக்கக் கூடாது. இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து, தரையை விட்டுத் தூக்காமல் நகர்ந்து விலக வேண்டும். பிறகு 1912 என்ற எண்ணில் மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும்.

வீட்டில் ஒருவரை மின்சாரம் தாக்கினால் கையால் தொடக் கூடாது. முதலில் மெயினை அணைக்க வேண்டும். அது முடியாவிட்டால் உலர்ந்த பலகை மேல் நின்று, உலர்ந்த மரக்கட்டையால் அவரை விலக்க வேண்டும். 11,000 வோல்ட் கம்பிக்கு இந்த வழி உதவாது. மூச்சு இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து அழுத்த வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் ஆழம். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. இன்னொருவர் 112-ஐ அழைக்க வேண்டும். அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து, "ஒன்றும் இல்லை" என்று சொன்னாலும் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். தோலில் சிறு புள்ளிதான் தெரியும். உள்ளே சதை வெந்திருக்கலாம்.