குளியாள் பங்கும் ஆட்டக்காரர் பங்கும்

முன்னுரை

தூத்துக்குடி என்றவுடன் பிறர் நினைவுக்கு வருவன முத்தும், உப்பும், துறைமுகமும் ஆகும். இம்மூன்றும் மனித உடலின் உழைப்பால் வளர்ந்தவை. மூச்சை அடக்கிக் கடலடிக்கு இறங்கியவர், வெயிலில் நின்று உப்பு வாரியவர், முதுகில் மூட்டை சுமந்தவர் ஆகியோரால்தான் இவ்வூர் ஊராயிற்று. அவ்வுழைப்புக்கு உரிய பங்கு எது என்னும் கேள்வி இக்கரைக்குப் பழைய கேள்வி. அதே கேள்வியை இன்று கல்லூரி விளையாட்டு வீரர்களைப் பற்றியும் உலகம் கேட்டுக்கொண்டிருக்கிறது. கல்லூரிக்காக ஆடும் மாணவருக்கு ஊதியம் தரலாமா? தரலாகாது எனில், அவருக்கு வேறு என்ன கடன்பட்டுள்ளோம்? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் மூன்றாம் ஆண்டுப் பொருளியல் மாணவன். என் தந்தையார் திரேஸ்புரத்தில் சங்கு குளிப்பவர். மூன்றாண்டுகள் கபடி அணியில் ஆடி, இவ்வாண்டு அதன் தலைவனாகவும் இருந்தேன். ஆகவே இப்பொருளில் நான் நடுநிலையாளன் என்று சொல்லிக்கொள்ள இயலாது. ஆயினும் இருபக்க வாதங்களையும் மறைக்காமல் எடுத்துரைக்க முயல்வேன்.

முத்துக்குளித்துறை காட்டும் வழி

மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பிகள் வாழும் கடலடித் திட்டுகளைப் 'பார்' என்பர். குளியாள் கல்லின் கனத்தால் விரைந்து இறங்கி, மூச்சு உள்ளவரை சிப்பிகளைப் பொறுக்கிக் கூடையில் இடுவார். கயிற்றை அசைத்தவுடன் மேலே இருப்பவர் அவரைத் தூக்கிவிட வேண்டும். கயிறு பிடிக்கும் பொறுப்பை மைத்துனரிடமே ஒப்படைப்பது வழக்கம் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கூறுவர். தன் உடன்பிறந்தாள் தாலி அறுப்பதை எவரும் விரும்பார் அல்லவா?

குளியாளின் ஊதியம் எப்படிக் கணக்கிடப்பட்டது? 1906ஆம் ஆண்டு இவ்வளைகுடாவின் இலங்கைக் கரையில், மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பை, அங்கு அலுவலராகப் பணியாற்றிய லெனார்டு வுல்ஃப் தம் வாழ்க்கை வரலாற்றில் விவரித்துள்ளார். கரைக்கு வந்த சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. ஒரு பங்கு குளியாட்களுக்கு. சங்குக் குளிப்பில் வேறு முறை இருந்தது. சங்கு அரசின் தனியுரிமையாக இருந்தமையால், குளியாளுக்குச் சங்கு ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி தரப்பட்டது. அளவில் சிறிய சங்குகள் கடலுக்கே திரும்பின. அவற்றுக்குக் கூலி இல்லை.

மூன்றில் ஒரு பங்கு நியாயமா, சங்குக் கூலி போதுமா என்று நாம் வாதிடலாம். ஆனால் ஒன்றை மட்டும் எந்த ஆட்சியும் கூறவில்லை. "நீ கடலை விரும்பித்தானே இறங்குகிறாய், உனக்கு எதற்குக் கூலி?" என்று குளியாளிடம் எவரும் கேட்டதில்லை. இவ்வளைகுடாவின் நம் கரையில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. பங்கு என்னும் எண்ணமோ நிற்கவில்லை. இன்றும் மீன்பிடி படகு கரைக்கு வந்தால் படகுக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்த பின்னரே ஆட்கள் வீடு திரும்புகின்றனர்.

இதே ஊரில் 1908ஆம் ஆண்டு கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். தொழிலாளர் ஊதிய உயர்வும் வார விடுமுறையும் பெற்றனர். அவர்கள் ஊதியத்தோடு ஓய்வையும் கேட்டார்கள் என்பது நம் ஆய்வுக்கு முக்கியமானது. நியாயம் என்பது பணத்தோடு முடிந்துவிடுவதில்லை.

கடல் கடந்த வழக்கு

கல்லூரி வீரர்களின் ஊதியம் பற்றிய வாதம் மிகுதியாக நடந்த நாடு அமெரிக்கா. அங்குக் கல்லூரி விளையாட்டை ஆளும் தேசியச் சங்கமாகிய என்.சி.ஏ.ஏ., மரிச்சுக்கட்டியில் வுல்ஃப் சிப்பிக் குவியல்களைப் பங்கிட்ட அதே 1906ஆம் ஆண்டில் தோன்றியது. மாணவர் விளையாட்டை விளையாட்டுக்காகவே ஆட வேண்டும், ஊதியம் பெறலாகாது என்பது அதன் நெடுங்காலக் கொள்கை.

1955இல் கொலராடோ மாநிலத்தில் ரே டென்னிசன் என்ற கல்லூரி ஆட்டக்காரர், அந்நாட்டுக் கால்பந்தாட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி தொழிலாளர்க்குரிய இழப்பீடு கோரினார். கல்லூரி கால்பந்தைத் தொழிலாக நடத்தவில்லை என்று கூறி, 1957இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை மறுத்தது. 'மாணவ-விளையாட்டு வீரர்' என்னும் சொல்லை அச்சங்கம் வழக்கத்துக்குக் கொண்டுவந்ததும் அக்காலத்தில்தான். மாணவர் என்றால் தொழிலாளர் அல்லர். தொழிலாளர் அல்லர் என்றால் இழப்பீடு இல்லை. சொல் ஒன்று கடமை ஒன்றை எப்படித் தள்ளிவைக்கிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தொழில் அன்று எனப்பட்ட அவ்விளையாட்டு பெருந்தொழிலாக வளர்ந்தது. கூடைப்பந்துப் போட்டி ஒன்றின் ஒளிபரப்பு உரிமைக்கு மட்டும், 2010இல், 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலர் பேசப்பட்டது. பயிற்சியாளர்கள் பல இலட்சம் டாலர் பெற்றனர். ஆடியவர் பெற்றது கல்விக் கட்டணமும் உணவும் உறையுளும் மட்டுமே. 2009இல் எட் ஒபானன் என்னும் முன்னாள் வீரர், தம் உருவத்தைக் கணினி விளையாட்டில் விற்று இலாபம் ஈட்டியதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார். 2021 ஜூன் மாதம், கல்வி தொடர்பான உதவிகளுக்கு அச்சங்கம் விதித்திருந்த வரம்பு செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அடுத்த மாதமே, வீரர் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு விளம்பர வருவாய் பெறலாம் என்று விதி மாறியது. 2025 ஜூன் மாதம் ஒரு சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. அதன்படி முன்னாள் வீரர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டாலர் வழங்கப்படும். ஒவ்வொரு கல்லூரியும் முதலாண்டில் ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டாலர் வரை வீரர்களோடு பங்கிட்டுக் கொள்ளலாம்.

இதனால் எல்லாம் சீராயிற்று என்று சொல்வதற்கில்லை. பங்கின் பெரும்பகுதி கால்பந்து, ஆண்கள் கூடைப்பந்து ஆகியவற்றுக்கே செல்லும், பெண்கள் பின்தள்ளப்படுவர் என்ற குறை எழுந்துள்ளது. கூட்டம் சேர்க்காத விளையாட்டுகள் கைவிடப்படும் என்ற அச்சமும் உண்டு. பங்கு வேண்டும் என்பது ஒரு கேள்வி. பங்கை எப்படிப் பிரிப்பது என்பது அடுத்த கேள்வி. இரண்டாவதே கடினமானது.

நம் நாட்டு நிலை

அந்நாட்டு வாதத்தை அப்படியே இங்கு இறக்குமதி செய்வது பொருந்துமா? பொருந்தாது. நம் கல்லூரிகளுக்கிடையிலான கபடிப் போட்டிக்கு நுழைவுச் சீட்டு விற்பதில்லை, தொலைக்காட்சியும் வருவதில்லை. பங்கிடுவதற்கு வருவாயே இல்லாத இடத்தில் பங்கு கேட்பது எங்ஙனம்?

ஆனால் ஊதியம் வேறு உருவில் இருக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமும், பின்னர் இரயில்வே, காவல்துறை, துறைமுகம் போன்றவற்றில் வேலையும் கிடைக்கலாம் என்னும் நம்பிக்கையே அந்த ஊதியம். இது பின்னால் தருவதாகச் சொல்லும் கூலி. நடுவணரசு வேலைக்கு விண்ணப்பிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியதற்கான 'படிவம் 3' வேண்டும். கல்லூரி அணியில் ஆடும் பன்னிருவரில் பல்கலைக்கழக அணிக்குச் செல்பவர் ஒருவரோ இருவரோதான். எஞ்சியவர், சிறிய சங்கைப் பொறுக்கிய குளியாளைப் போல, மூச்சை மட்டும் செலவிட்டுத் திரும்புகின்றனர்.

2018இல் தொடங்கிய 'கேலோ இந்தியா' திட்டத்தில், தேர்வு பெற்ற இளைஞர் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை எட்டாண்டுகள் உதவி என்று அறிவிக்கப்பட்டது. இது பாராட்டத்தக்கது. நம் மாவட்டத்து மணத்தி கணேசன் 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் பெற்றார். கோவில்பட்டியின் மாரீஸ்வரன் 2022இல் இந்திய ஆக்கி அணியில் இடம்பெற்றார். இவர்கள் நமக்குப் பெருமை. ஆயினும் மேலே வந்தவர்களை மட்டும் எண்ணிப் பார்த்தால் கீழே இறங்கியவர் எத்தனை பேர் என்பது தெரியாமல் போய்விடும்.

கல்லூரிக்கு இதில் ஆதாயமே இல்லை என்பதும் சரியன்று. கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் வழங்கும் 'நாக்' குழு கேட்கும் விவரங்களில் மாணவர் வென்ற விளையாட்டுப் பரிசுகளும் அடங்கும். ஆகவே எங்கள் வெற்றி ஏதோ ஒரு வகையில் நிறுவனத்தின் கணக்கில் வரவாக எழுதப்படுகிறது. வரவு உள்ள இடத்தில் கடனும் உண்டு.

என் அணியில் நடந்தது

இங்கு ஒரு நிகழ்ச்சியைக் கூற வேண்டும். யார் மீதும் பழி சுமத்துவதற்காக அன்று, முதற்பழி என்னுடையது. மண்டல அளவிலான இறுதியாட்டத்தில் எங்கள் சிறந்த பாடகர், அதாவது பாடிச் சென்று எதிரணியைத் தொட்டு வருபவர், முதற்பாதியிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இடைவேளையில் அவர் காலில் ஐஸ்கட்டி வைத்துவிட்டு, "இன்னும் இருபது நிமிஷந்தானல, சமாளிச்சு ஆடு மாப்ள" என்று சொன்னவன் நான். அவர் ஆடினார், கேடயம் வென்றோம். ஸ்கேன் எடுத்தபோது முழங்கால் ஜவ்வு கிழிந்திருந்தது. எங்களுக்குத் தந்த படி அன்றே தீர்ந்துவிட்டது. ஸ்கேன் செலவுக்கு நாங்கள் பணம் பிரித்தோம். அறுவை சிகிச்சை அரசு மருத்துவமனையில் இலவசமாக நடந்தது. ஆனால் விடுமுறை நாள்களில் உப்பளத்தில் அவர் ஈட்டிவந்த கூலியை எவரும் ஈடு செய்யவில்லை. அவருடைய அம்மா அக்கூலியைக் கொண்டுதான் வட்டி கட்டிவந்தார். வருகை நாள் குறைந்தது. பருவக் கட்டணம் கட்ட முடியவில்லை. ஐந்தாம் பருவத்தோடு அவர் படிப்பு நின்றது. கேடயம் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது.

அவரிடம் மன்னிப்புக் கேட்கச் சென்றேன். "நீ சொன்னதுக்காக நான் ஆடல மாப்ள. எனக்கே ஆடணும்னு இருந்துச்சு" என்றார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த விருப்பத்தை நம்பித்தானே நாங்கள் கயிற்றை விட்டுவிட்டோம்!

இதனோடு ஒன்றை ஒப்பிட்டுப் பாருங்கள். 2022இல் பவன் செராவத் என்னும் கபடி வீரரைத் தமிழ் தலைவாஸ் அணி 2 கோடியே 26 இலட்சம் ரூபாய்க்கு ஏலம் எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்காலில் அடிபட்டு அத்தொடர் முழுவதும் ஆடவில்லை. மறு ஆண்டு 2 கோடி ரூபாய்க்கு மேல் மற்றோர் அணி அவரை எடுத்தது. ஆசிய விளையாட்டில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கித் தங்கமும் வென்றார். அவர் உழைப்புக்கு அது உரியதே. முழங்கால் எல்லோருக்கும் ஒன்றுதான். அடிபட்ட பின் தாங்கிப் பிடிக்கும் கைகள்தாம் வேறு.

மறுப்பும் விடையும்

"பணம் புகுந்தால் விளையாட்டின் தூய்மை கெடும்" என்பர் சிலர். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் செலவை ஈடு செய்வது ஊதியம் ஆகாது. "கல்லூரி நிதி குறைவு, நூலகத்துக்கே போதவில்லை" என்பது அடுத்த மறுப்பு. இது நேர்மையான மறுப்பு. எனவேதான் நான் ஊதியம் கேட்கவில்லை. குறைந்த செலவில் இயல்வனவற்றையே கேட்கிறேன்.

ஒன்று, அணிக்குத் தேர்வான நாளிலேயே ஒவ்வொருவருக்கும் விபத்துக் காப்பீடு எடுக்க வேண்டும். இரண்டு, பயணப்படியைப் புறப்படும் முன்னரே கையில் தர வேண்டும். மூன்று, போட்டி நாளில் தவறிய அகத்தேர்வை மறுமுறை நடத்த வேண்டும். காயத்தால் விடுபட்ட நாளையும் வருகையாகக் கொள்ள வேண்டும். நான்கு, மாணவரிடம் பெறும் விளையாட்டுக் கட்டணத்தின் வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். ஐந்து, அடிபட்டவர் ஆடலாமா என்பதை அணித்தலைவரும் பயிற்சியாளரும் முடிவு செய்யலாகாது. ஆட்டத்தில் தொடர்பில்லாத ஒருவர் முடிவு செய்ய வேண்டும். ஐந்தாவது விதி இருந்திருந்தால் என் நண்பர் இன்று வகுப்பில் இருந்திருப்பார்.

முடிவுரை

வருவாய் உள்ள இடத்தில் வீரருக்குப் பங்கு வேண்டும். வருவாய் இல்லாத இடத்தில் பாதுகாப்பு வேண்டும். இதுவே என் ஆய்வின் முடிவு. இவ்விரண்டும் இல்லாமல் "கல்லூரியின் பெருமைக்காக ஆடு" என்று மட்டும் சொல்வது, குளியாளை இறக்கிவிட்டுக் கரைக்குத் திரும்புவதைப் போன்றது.

இக்கட்டுரையை என் தந்தையாருக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தப் பையன் வீட்டுக்கு இப்போ யாருல போறீங்க?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் போவது குறைந்திருந்தது. இப்போது ஞாயிறுதோறும் போகிறோம். தவறிய தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுத விண்ணப்பம் நிரப்பியுள்ளோம். அதற்குரிய கட்டணத்தை அணியினர் பதினொருவரும் பங்கிட்டுக் கட்டியுள்ளோம்.