வாழைத்தண்டா, எலுமிச்சையா, தண்ணீரா?

விலாவில் கிளம்பிய வலி அடிவயிற்றுக்கு இறங்கினால் மதுரை மேலூர்ப் பக்கத்தில் முதலில் தேடுவது வாழைத்தண்டை. அடுத்தது சிறுபீளை, பொங்கலுக்குக் காப்புக் கட்டும் அதே செடி. இவற்றின் சாற்றைக் குடித்தவர்கள் பலருக்குச் சிறுநீரகக் கல் விழுந்ததும் உண்மைதான். ஆனால் சிறுநீர்க்குழாய்க்கு வந்துவிட்ட 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கற்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு, எதுவும் குடிக்காமலே சில வாரங்களில் வெளியேறிவிடும். அதற்கு மேல் 10 மில்லிமீட்டர் வரை வாய்ப்பு பாதிக்குப் பாதி. அதையும் தாண்டிய கல்லுக்குச் சாற்றை நம்பிக் காத்திருப்பது ஆபத்து. அதனால் எதைக் குடிப்பது என்ற கேள்விக்கு முன்னால் ஸ்கேன் எடுத்துக் கல்லின் அளவையும் இடத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

வலியில் துடிக்கும் நேரத்தில் குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பதால் கல் வேகமாக இறங்கிவிடாது. தண்ணீரின் பலன் அடுத்த கல்லைத் தடுப்பதில் இருக்கிறது. இத்தாலியில் நடந்து 1996-இல் வெளியான ஆய்வில், முதன்முறை கல் வந்த 199 பேரை ஐந்தாண்டுகள் கவனித்தார்கள். நிறையத் தண்ணீர் குடித்தவர்களில் 12 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 27 சதவீதத்தினருக்கும் கல் திரும்பி வந்தது. எலுமிச்சைக்கும் காரணம் உண்டு: அதிலுள்ள சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு கல் சேரவிடாமல் செய்கிறது. ஆனால் உப்புப் போட்டுக் குடித்தால் சிறுநீரில் கால்சியம் கூடி, பலன் குறையும். வாழைத்தண்டுக்கு ஆதாரம் பெரும்பாலும் எலிகளில் செய்த சோதனைகளே, பிடித்தால் குடிக்கலாம். சிறுநீரகம் பழுதாகி ரத்தத்தில் கிரியேட்டினின் கூடியிருப்பவர்களுக்கு மட்டும் அதிலும் இளநீரிலும் உள்ள பொட்டாசியம் ஆகாது. கால்சியக் கல் என்று பயந்து பாலையும் மோரையும் நிறுத்துவதுதான் பெரிய தவறு. உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே, கல்லாகச் சேரும் ஆக்சலேட்டைப் பிடித்து வெளியேற்றிவிடுகிறது.

தண்ணீர் குடிக்கச் சொல்ல ஒரு கட்டுரை வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டும். நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போக வேண்டும் என்பது கணக்கு. மேலூர் வெயிலில் நடவு வயலிலும் கல்குவாரியிலும் நிற்பவருக்குக் குடித்ததில் பெரும்பங்கு வேர்வையாகவே போய்விடுகிறது. ஒதுங்க இடமில்லாத பெண்கள் தாகத்தை அடக்கிக்கொண்டே வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு வேலையிடத்தில் கழிப்பறை இல்லாமல் சொல்லும் எந்த அறிவுரையும் பாதி அறிவுரைதான். வீடு திரும்பிய பிறகும் படுக்கும் முன்பும் குடிப்பது ஓரளவு ஈடுகட்டும்.

காய்ச்சல், குளிர்நடுக்கம், நிற்காத வாந்தி, சிறுநீர் அடைப்பு, ஒற்றைச் சிறுநீரகம், கர்ப்பம் இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். அன்றைக்கே மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். வலி நின்றவர்களும் சில வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். கல் விழாமல் அடைத்துக்கொண்டே இருந்தாலும் வலி அடங்கிவிடுவதுண்டு. அதற்குள் சிறுநீரகம் சத்தமில்லாமல் வீங்கிக் கெட்டுக்கொண்டிருக்கும்.