வங்கி வெட்டிய சல்லி: ஊர்ப் பேச்சும் உள்ளதும்

பெரியநீலாவணையிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் வங்கிக் கட்டணம் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு குரல்தான் கேட்கும். ஒன்று: "பேங்க் வெட்டின சல்லி வெட்டினதுதான், கேட்டு வராது." மற்றது: "லண்டன்ல எங்கட மச்சான் கடிதம் போட்டு முழுசா எடுத்தாரு, இஞ்சயும் எழுதினாத் தருவானுகள்." முதலாவதை நம்புகிறவர் வாயே திறப்பதில்லை. இரண்டாவதை நம்புகிறவர் கவுண்டரில் சத்தம் போட்டுவிட்டு வெறுங்கையோடு வருகிறார். கை இறுகிக் கிடக்கும் நேரத்தில் இரண்டு பேருக்கும் நட்டம்தான்.

லண்டன் கதையை முதலில் பார்ப்போம், அதில் பாதி உண்மை இருப்பதால். 2006, 2007 காலத்தில் பிரித்தானிய வங்கிகள், கணக்கில் காசில்லாமல் செக் திரும்பினாலோ அனுமதியில்லாமல் மேலதிகப்பற்று விழுந்தாலோ ஒரு தடவைக்கு 30 பவுண் அளவில் வெட்டின. இது நியாயமில்லை என்று வாடிக்கையாளர்கள் கூட்டம் கூட்டமாகக் கடிதம் எழுதினார்கள். நீதிமன்றப் படி ஏற விரும்பாத வங்கிகள் பலருக்குத் திருப்பிக் கொடுத்தன. மச்சான் எடுத்தது அந்த நேரத்தில்தான். பிறகு 2007 ஜூலையில் ஏழு வங்கிகளும் ஒரு கட்டடச் சங்கமும் ஒரு பக்கம், நியாய வர்த்தக அலுவலகம் மறுபக்கம் என்று ஒரு மாதிரி வழக்கு தொடங்கியது. கீழ் நீதிமன்றங்களில் வங்கிகள் தோற்றன. 2009 நவம்பர் 25 ஆம் திகதி உச்ச நீதிமன்றம் அதைத் தலைகீழாகப் புரட்டியது. அந்தக் கட்டணங்களும் கணக்குச் சேவைக்கான விலையின் ஒரு பகுதிதான், ஆகவே விலை கூடுதலா என்று நியாயமற்ற நிபந்தனைகள் பற்றிய ஒழுங்குவிதியின் கீழ் எடைபோட முடியாது என்றது தீர்ப்பு. அதற்குப் பிறகு அதே கடிதத்தை அனுப்பியவர்களுக்கு "மன்னிக்கவும்" என்ற பதில்தான் வந்தது. திறந்திருந்தது ஒரே ஒரு கதவு: வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வழியில்லாத அளவுக்குக் கஷ்டத்தில் இருப்பவர் அதைக் காட்டிக் கேட்பது. நிலையான மேலதிகப்பற்றுக் கட்டணங்களை அங்கு ஒழித்தது நீதிமன்றம் அல்ல. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒழுங்குபடுத்தும் ஆணையத்தின் விதிதான் அதைச் செய்தது.

இங்கே ஒரு சுவாரசியம் உண்டு. வங்கித்தொழில் விடயங்களில் நம் நாட்டில் வேறு ஏற்பாடு இல்லாத இடத்தில் இங்கிலாந்தின் சட்டமே செல்லும் என்று 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. இதைக் கேள்விப்பட்ட சிலர் "அப்ப லண்டன் வழக்கு நமக்கும் பொருந்தும்" என்று உற்சாகமாகிவிடுகிறார்கள். பொருந்தினால் என்ன ஆகும்? அந்த வழக்கில் வென்றது வங்கி! நம்மிடம் 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் ஒன்றும் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் பொறுப்பிலிருந்து நழுவும் வாசகங்களைப் பற்றியது. கட்டணம் கூடுதல் என்ற முறைப்பாட்டை அது அதிகம் தாங்காது.

இனி "வெட்டினது வெட்டினதுதான்" என்பதற்கு வருவோம். இதுதான் ஊரில் அதிகம் பேரைச் சும்மா இருக்க வைக்கிற பேச்சு.

ஒரு கணக்குக் கூற்றைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். மருதமுனையில் தறி வைத்திருக்கும் ஒருவரின் கடன் தவணை 18,500 ரூபாய், ஐந்தாம் திகதி. சாரம் கொடுத்த கடைக்காரரிடமிருந்து காசு வரப் பிந்தியதால் அன்று கணக்கில் 17,900 தான் கிடந்தது. அறுநூறு ரூபாய் குறைவு. நிலையான கட்டளை தவறியதற்கு ஒரு கட்டணம், தாமதக் கட்டணம் ஒன்று, எஸ்.எம்.எஸ். கட்டணம், அதன் கீழே "தண்ட வட்டி" என்று ஒரு வரி. மாதக் கடைசியில் அவர் கூற்றை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிடுகிறார். நான்கு வரியையும் தனித்தனியாகப் படித்திருந்தால் கேட்க வேண்டிய இரண்டு கேள்வி கிடைத்திருக்கும்.

முதல் கேள்வி தண்ட வட்டி பற்றியது. 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி விடுத்த ஆணையில், நிலுவையான தொகைக்கு வழமையான வட்டிக்கு மேல் ஆண்டுக்கு 2 சதவீதப் புள்ளிக்கு மிஞ்சித் தண்ட வட்டி அறவிடக் கூடாது என்று இருந்தது. 18,500 ரூபாய் முப்பது நாள் பிந்தினால் இந்த இரண்டு சதவீதம் எவ்வளவு? ஏறக்குறைய 30 ரூபாய். அந்த ஆணை நடைமுறையில் இருந்த மாதம் ஒன்றில் தண்ட வட்டி என்று 400 ரூபாய் விழுந்திருந்தால், அது முழுக் கடன் மீதியின் மேல் கணக்கிடப்பட்டதா, தவறிய தவணையின் மேலா என்று கேட்க வேண்டும். இப்படியான ஆணைகள் நிலையாக இருப்பதில்லை. கடனட்டை வட்டிக்கு 2020 ஆகஸ்டில் 18 சதவீத உச்சவரம்பு வந்தது, 2022 ஏப்ரலில் அது தூக்கப்பட்டது, 2023 ஆகஸ்டில் 28 சதவீதம் என்று மீண்டும் வந்தது. உங்கள் காசு எந்தத் திகதியில் வெட்டப்பட்டதோ அந்தத் திகதியில் என்ன உத்தரவு இருந்தது என்பதுதான் கணக்கு. கொவிட் காலத்தில் செக் திரும்பியதற்கும் கடனட்டைத் தாமதத்துக்கும் கட்டணம் எடுக்காமல் நிறுத்திவைக்கும்படியும் வங்கிகளுக்குப் பணிக்கப்பட்டது. அந்த நாட்களில் கட்டணம் வெட்டப்பட்டவர்களுக்கு அது கேட்டு வாங்க வேண்டிய காசு.

இரண்டாவது கேள்வி: இந்தக் கட்டணம் வங்கியின் கட்டணப் பட்டியலில் இருக்கிறதா, அதே தொகையா? பட்டியலைக் கிளையில் கேட்கலாம், இணையத்திலும் இருக்கும். பட்டியலில் இல்லாதது, இரண்டு தடவை விழுந்தது, காசு இருந்தும் வங்கிப் பிழையால் தவறிய கட்டளைக்கு விழுந்தது, இவையெல்லாம் தவறான கட்டணம். திருப்பிக் கேட்பது உரிமை.

அந்தத் தறிக்காரரின் தாமதக் கட்டணம் பட்டியலின்படி சரியாகவே இருந்தால்? அப்போதும் கேட்கலாம், ஆனால் அது வேண்டுகோள். எனக்கு இதில் ஒரு பிடிவாதம் உண்டு: உரிமையையும் வேண்டுகோளையும் ஒரே கடிதத்தில் எழுதாதீர்கள். "நீங்கள் பிழையாக வெட்டினீர்கள், நானும் கஷ்டத்தில் இருக்கிறேன், தயவுசெய்து பாருங்கள்" என்று எழுதினால், வங்கி கஷ்டத்துக்கு இரக்கம் காட்டி ஐந்நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டுப் பிழையை மறந்துவிடும். இரண்டு கடிதம் எழுதுங்கள். முதலாவதில் திகதி, தொகை, எந்த விதி என்பது மட்டும். இரண்டாவதில் என்ன நடந்தது (ஓடர் நின்றது, படகு இயந்திரம் பழுதானது, வீட்டில் ஒப்பரேசன்), மாதம் எவ்வளவு கட்ட முடியும், எந்தெந்த மாதக் கட்டணத்தைத் தள்ளிவிட வேண்டும், தவணைத் திகதியைச் சம்பளம் விழும் நாளுக்கு மாற்ற முடியுமா என்பவை. வாடைக் காற்றில் கடல் மூன்று மாதம் கொந்தளித்துக் கிடக்கும் என்பது கரையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். கொழும்பில் கடிதத்தைப் படிக்கும் அதிகாரிக்கு அதை எழுதித்தான் சொல்ல வேண்டும். தொழில் செய்பவருக்கு இன்னொரு வாசலும் உண்டு: நெருக்கடியில் விழுந்த தொழில்களை மீட்கத் தனிப் பிரிவு வைக்கும்படி 2024 மார்ச்சில் மத்திய வங்கி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை விட்டது. கிளை முகாமையாளரிடம் அந்தப் பிரிவைப் பற்றிக் கேளுங்கள்.

வங்கி பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லாவிட்டாலோ மேலே போகலாம். 2003 முதல் நிதியியல் ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். மத்திய வங்கியில் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது, அதன் தொலைபேசி 1935. 2023 ஆகஸ்டில் வர்த்தமானியில் வந்த நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் நியாயமாக நடத்துவதையும் முறைப்பாடு கையாள்வதையும் வங்கிகளின் கடமையாக்கின. ஒரு நிபந்தனை: வங்கிக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்த பிறகுதான் இந்தக் கதவுகளைத் தட்ட வேண்டும். கவுண்டரில் போட்ட சத்தத்துக்குப் பிரதி கிடையாது. கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தமிழிலேயே எழுதலாம்.

"முறைப்பாடு செஞ்சா கிரிப்ல பேர் விழுந்திரும்" என்ற பயம் படித்தவர்களிடமும் இருக்கிறது. கிரிப் எனப்படும் கடன் தகவல் பணியகம் 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அங்கே பதிவது நீங்கள் எடுத்த கடன், கட்டிய விதம், காசில்லாமல் திரும்பிய செக் போன்றவை. யார் முறைப்பாடு கொடுத்தார் என்ற பட்டியல் அங்கு கிடையாது. கறுப்புப் பட்டியல் என்று ஒன்றும் இல்லை. உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்க்கலாம். உண்மையில் கிரிப்பைக் கெடுப்பது, கேட்காமல் விட்ட தவணைகள்தான்.

செக் பற்றி ஒரு வார்த்தை. பின்திகதி போட்ட செக்கை நம் கடைத்தெருவில் கைமாற்றுக் காசு போலப் புழங்குகிறோம். அது திரும்பினால் வங்கிக் கட்டணத்தோடு போய்விடும் என்று நினைப்பவர் 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் 25 ஆம் பிரிவை அறிய வேண்டும். கணக்கில் காசில்லை என்று தெரிந்தே செக் எழுதுவது குற்றம், சிறையும் விதிக்கலாம். திரும்பிய செக்குக்கு வெட்டிய கட்டணத்தை மீட்க ஓடுவதற்கு முன், செக்கை வாங்கியவரிடம் ஓடுங்கள்.

இஸ்லாமிய வங்கி விடயத்தில் இரண்டு பேச்சும் தலைகீழாக வரும். "அங்க தண்டமே இல்ல" என்பார் ஒருவர். "தண்டம் ஹராம், ஆனபடியால் திருப்பித் தர வேணும்" என்பார் மற்றவர். முறாபஹா (இலாபம் வைத்து விற்பது), இஜாரா (குத்தகைக்கு விடுவது) ஒப்பந்தங்களில் தவணை தவறினால் ஒரு தொகை கட்டுவதாக நீங்களே வாக்களித்துக் கையொப்பம் இடும் வழக்கம் பல நிறுவனங்களில் உண்டு. பஹ்ரைனில் இயங்கும் இஸ்லாமிய நிதி நிறுவனங்களின் கணக்கியல் அமைப்பு வகுத்த நியமப்படி, அந்தத் தொகை நிறுவனத்தின் இலாபத்தில் சேரக் கூடாது, தர்மத்துக்குப் போக வேண்டும். அப்படிப் போன காசைத் திருப்பி எடுப்பது கஷ்டம், போவதற்கு முன் நிறுத்துவது சாத்தியம். அந்த வாக்குறுதியின் நோக்கமே வசதி இருந்தும் இழுத்தடிப்பவரைத் தடுப்பது. வசதி இல்லாதவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்லும் சூரத்துல் பகராவின் 280 ஆவது வசனத்தை முகாமையாளருக்கு ஓதிக் காட்டியவர்களும் ஊரில் உண்டு. ஓதுவதோடு வருமானம் குறைந்ததற்கான கடதாசியையும் நீட்டினால்தான் ஷரீஆ ஆலோசகர் வரை விடயம் போகும்.

"கொஞ்சம் பொறுத்தா அரசாங்கமே தள்ளிவிடும்" என்பது கிழக்கில் சும்மா பிறந்த பேச்சல்ல. 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசு ஏற்றுக்கொண்டது. அதில் அம்பாறையும் மட்டக்களப்பும் இருந்தன. ஆனால் அது குறித்த திகதிக்கு முன் நிலுவையில் விழுந்த, குறித்த வகைக் கடனுக்கு மட்டும். 2020 மார்ச்சில் வந்த கடன் நிவாரணக் காலமும் அப்படித்தான். தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை. அதைத் தள்ளுபடி என்று எண்ணி இருந்தவர்கள் பிறகு வந்த மீதியைப் பார்த்துத் திகைத்தார்கள். இந்தியாவில் வேறு மாதிரி நடந்தது: 2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரை மட்டும் ஸ்டேட் வங்கி குறைந்தபட்ச மீதி இல்லாததற்கு 1,771 கோடி ரூபாய் வெட்டியது வெளியே வந்ததும் ஊரெல்லாம் கூச்சல். 2018 ஏப்ரலில் கட்டணம் குறைந்தது, 2020 மார்ச்சில் சேமிப்புக் கணக்குகளுக்கு அடியோடு நீங்கியது. ஆனால் அந்த விலக்கு இனி வரும் கட்டணத்துக்குத்தான், முன்பு வெட்டியதற்கல்ல.

கடைசியாக, பழைய புத்தகங்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கரையில் நிவாரணக் காசுக்கும் வீட்டுக் காசுக்கும் எத்தனையோ கணக்குகள் திறக்கப்பட்டன. வாப்பா மௌத்தான பிறகு புத்தகம் பெட்டிக்குள் கிடக்க, "அது கட்டணத்திலேயே கரைஞ்சிருக்கும்" என்று விட்டுவிட்டார்கள் பலர். சில கரைந்துதான் இருக்கும். மற்றவை, பத்து வருடம் கொடுக்கல் வாங்கல் இல்லாவிட்டால், வங்கித்தொழில் சட்டப்படி கைவிடப்பட்ட ஆதனமாக மத்திய வங்கிக்கு மாற்றப்படும். மாற்றப்பட்ட காசு தொலைந்துவிடாது, கணக்குக்குரியவரோ வாரிசோ எப்போதும் கேட்கலாம். கேட்க வேண்டியது கணக்கு இருந்த வங்கியில்தான். மரணச் சான்றிதழ், வாரிசு என்பதற்கான ஆவணம், பழைய புத்தகம் அல்லது கணக்கிலக்கம் இருந்தால் போதும், அவர்களே மத்திய வங்கியிடமிருந்து பெற்றுத் தர வேண்டும். கணக்கு மாற்றப்படுவதற்கு முன் என்னென்ன கட்டணம் வெட்டப்பட்டது என்ற கூற்றையும் சேர்த்துக் கேளுங்கள். மேலே சொன்ன இரண்டு கேள்வியும் அந்தக் கூற்றுக்கும் பொருந்தும். "நான் எடுத்துத் தாறன், பாதி எனக்கு" என்று யாராவது வந்தால் கொடுக்க வேண்டியதில்லை. ஒம்புட்ஸ்மனுக்கு எழுதினாலும் 1935 க்கு முறைப்பாடு கொடுத்தாலும் கட்டணம் கிடையாது.