பிள்ளையின் பசியும் பெற்றோரின் கையும்

நாம் வாழும் இங்கிலாந்தில் அரச பாடசாலைகளின் ஆரம்ப வகுப்பிலும் ஆறாம் ஆண்டிலும் பிள்ளைகளின் உயரமும் நிறையும் அளக்கப்படுகின்றன. 2023/24 கல்வியாண்டில் ஆரம்ப வகுப்பினருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் மிகைப்பருமன் உடையவராகக் காணப்பட்டனர். ஆறாம் ஆண்டினருள் அத்தொகை ஐந்தில் ஒருவருக்கும் அதிகம். இவ்விரு வகுப்பினரும் வெவ்வேறு பிள்ளைகளே. எனினும் ஆண்டுதோறும் இதே ஏற்றம் காணப்படுவதால், ஐந்து வயதுக்கும் பதினொரு வயதுக்கும் இடையே ஏதோ நிகழ்கின்றது என்பது தெளிவு. கடைத்தெருவில் நிகழ்வதை அரசு பார்க்கட்டும். சீனி மிகுந்த பானங்களுக்கு 2018 ஏப்ரலில் அது வரி விதித்தது. வீட்டில் நிகழ்வதையே நாம் இங்கு நோக்குவோம்.

"எங்கள் பிள்ளை மெலிவுதானே" என்று ஆறுதல் கொள்ளும் பெற்றோரும் ஒன்றை அறிதல் வேண்டும். மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் புனே நகரை அண்டிய கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுதாம்ரன் நகரில் பிறந்தவர்களோடு ஒப்பிட்டு 2003 இல் ஆய்வொன்றை வெளியிட்டனர். இந்தியக் குழந்தைகள் நிறையிற் குறைந்தோராயினும் அவர்களின் தோலின் கீழுள்ள கொழுப்பு அந்த அளவுக்குக் குறைந்திருக்கவில்லை, தசையே குறைந்திருந்தது. தென்னாசியருக்கு நீரிழிவு இளவயதிலும் குறைந்த நிறையிலும் வருவதற்கு இவ்வுடலமைப்பு ஒரு காரணமாகக் கருதப்படுகின்றது.

இனி நமது சோற்றுக் கோப்பைக்கு வருவோம். இன்றைய பெற்றோருள் பலர் 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ்ச் சிறுவராயிருந்தவர்கள். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்தவர்கள். சிலர் 2009 இல் வன்னியிலே கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள். பசியை அறிந்த கை பிள்ளைக்கு அளந்து போடாது. "இன்னும் ஒரு பிடி", "மிச்சம் வைக்காதே" என்பவை அன்பின் சொற்களே. அவற்றை நாம் இழித்துரைக்க மாட்டோம். ஆயினும் ஊரில் அந்த ஒரு பிடிக்குப் பின் பாடசாலைக்கு இரண்டு கட்டை நடை இருந்தது. கிணற்றில் அள்ள நீர் இருந்தது. மாலையிற் கிளித்தட்டு இருந்தது. இங்கே அதே ஒரு பிடிக்குப் பின் காரும் மெத்தையும் கைத்தொலைபேசியும்.

வயிறு நிறைந்ததைப் பிள்ளை தானே உணரும். நாள்தோறும் அதற்கு மேலும் ஊட்டினால் அவ்வுணர்வு மங்கும். அமெரிக்க ஊட்டச்சத்து அறிஞர் எலின் சாட்டர் 1980களில் ஓர் எளிய பங்கீட்டை வகுத்தார். எதை, எப்போது, எங்கே உண்பது என்பதைப் பெற்றோர் தீர்மானிப்பர். உண்பதா, எவ்வளவு உண்பது என்பதைப் பிள்ளை தீர்மானிக்கும். நம் இல்லங்களிலோ பெரும்பாலும் தலைகீழ். எது வேண்டுமென்பதைப் பிள்ளை அழுது பெறுகின்றது. எவ்வளவு என்பதை அம்மம்மா முடிவு செய்கின்றார்!

"எப்போது" என்பதும் எளிதன்று. தாயும் தந்தையும் மாறி மாறி வேலைக்குச் செல்லும் வீடுகளில் இரவு பத்து மணிக்கே பிட்டும் கறியும் மேசைக்கு வருகின்றன. ஆறு முதற் பன்னிரண்டு வயதினருக்கு ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் தேவை. உறக்கம் குறைந்தால் மறுநாள் பசி மிகும். ஆகவே பிள்ளையைக் காக்க வையாது ஏழு மணிக்கே உணவைக் கொடுத்துவிடலாம். எல்லோரும் கூடியிருந்து உண்பது வார இறுதியில் ஆகட்டும்.

மாணவச் செல்வங்களே! பருத்த நண்பரைப் பட்டப்பெயர் சொல்லி அழைத்தால் அவர் மெலியார். விளையாட்டுத் திடலுக்கு வருவதையே நிறுத்துவார். (விழாக்களிற் கன்னத்தைக் கிள்ளி நிறை விசாரிக்கும் மாமாமாருக்கும் இது பொருந்தும்.)

உங்களுக்கு ஒரு கணக்கு. 330 மி.லீ. கோலா ரின் ஒன்றில் 35 கிராம் சீனி உண்டு. ஏழு முதற் பத்து வயதினருக்குச் சேர்க்கப்படும் சீனி நாளொன்றுக்கு 24 கிராமுக்கு மேலாகாது என்பது இந்நாட்டுச் சுகாதாரத் துறையின் அறிவுரை. ஒரு தேக்கரண்டி 4 கிராம் ஆயின் அந்த ரின்னில் எத்தனை கரண்டி? அடுத்த சனிக்கிழமை நமது சிற்றுண்டி மேசையில் ரோல்ஸுக்கு அருகே அடுக்கியிருக்கும் போத்தல்களின் பின்புறத்தையும் வாசித்து, ஒவ்வொன்றுக்கும் கணக்கைச் செய்து கொப்பியில் எழுதி வாருங்கள். விடைகளை அம்மேசைக்கு மேலேயே ஒட்டி வைப்போம்.