பட்டாசு மிஞ்சினால் லாபமா?

கோவை வட்டாரத்தில் மளிகையோடு தீபாவளிக்குப் பட்டாசும் விற்கும் நம்மில் பலர், "விலை ஏறத்தானே போகிறது, மிஞ்சியது அடுத்த வருஷத்துக்கு ஆகட்டும்" என்கிறோம். கணக்குப் பார்ப்போம்.

அலுமினியப் பொடி, காகிதம், கூலி ஏறினால் சிவகாசி விலை ஏறும். ஆனால் விலை இறங்கவும் செய்யும்: 2017 ஜூலையில் 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., நவம்பரில் 18 ஆயிற்று. சட்டமும் மாறும்: 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பைத் தடை செய்தது.

ரூ.100 சரக்கு மிஞ்சினால் ஒன்றரை வட்டிக்கு ஆண்டுக்கு ரூ.18 சேரும். அடுத்த தீபாவளிக்குப் புதுச் சரக்கு ரூ.118-க்குக் கீழே கிடைத்தால் நமக்கு நஷ்டமே. நமத்துப்போவது தனி. தற்காலிக உரிமம் முடிந்தபின் கடையில் வைக்கவும் கூடாது.

ஆகவே முதலில் அளவாக வாங்குவோம். விற்பனை பார்த்து மீண்டும் எடுப்போம்.