ஒரே தாயேட்டின் பிள்ளைகள்

வட்டுக்கோட்டை

அன்புள்ள மருமகளுக்கு,

தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு நடிகரைப் பற்றி நீர் எழுதிய கட்டுரையை வாசித்தேன். பிறகு அதே நடிகரைப் பற்றி இன்னோர் இணையக் கலைக்களஞ்சியத்தில் இருந்ததையும் வாசித்தேன். அங்கே ‘இயற்பெயர்’ என்றிருந்தது உம்மிடம் ‘உண்மைப் பெயர்’ ஆகியிருக்கிறது. பந்தி பிரிப்பும் படங்களின் வரிசையும் அப்படியே. ஒரு படம் வந்த ஆண்டை அவர்கள் பிழையாகப் போட்டிருந்தார்கள். உம்முடையதிலும் அதே பிழை. அந்த இடத்தில்தான் என் ஐயம் தீர்ந்தது.

கோபத்தில் எழுதவில்லை, பிள்ளை. ஆனால் இதைச் சின்ன விசயமென்று என்னால் விட முடியவில்லை.

நீர் சைக்கிளில் கடந்து போகும் யாழ்ப்பாணக் கல்லூரி வளவில்தான் 1823இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டை செமினரியைத் தொடங்கினார்கள். அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை பின்னாளில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். ஏடு பெயர்த்து எழுதுகிறவர் முன்னால் ஒரு தாயேடு இருக்கும். அதில் ஓர் எழுத்து பிழைத்திருந்தால் அடுத்த ஏட்டிலும் அது பிழைக்கும். பத்து ஏடுகள் ஒரே இடத்தில் ஒரே பிழையைக் காட்டினால், நல்ல பதிப்பாசிரியர் அவற்றைப் பத்துச் சாட்சிகளாக எண்ணமாட்டார். எல்லாம் ஒரே தாயேட்டின் பிள்ளைகள் என்று கண்டுகொண்டு, வேறு வழியில் வந்த ஏட்டைத் தேடிப் போவார்.

இன்றைக்கு நடிகரின் பெயரைத் தேடினால் பத்துத் தளங்கள் ஒரே பிறந்த நாளைச் சொல்கின்றன. வாசிக்கிறவர் பத்துச் சாட்சி என்று நம்புகிறார். 2009இல் ஜெர்மனியில் அமைச்சரான கார்ல் தியோடோர் சூ குட்டன்பெர்க்கின் நீண்ட பெயருக்குள் ‘வில்ஹெல்ம்’ என்றொரு பொய்ப் பெயரை யாரோ விக்கிப்பீடியாவில் செருகிவிட்டார்கள். பத்திரிகைகள் அதை எடுத்துப் போட்டன. பிறகு அந்தச் செய்திகளையே அப்பெயருக்குச் சான்றாகக் காட்டினார்கள்! அதே மனிதர் 2011இல், பிறருடைய எழுத்தைச் சொல்லாமல் தன் ஆய்வேட்டில் சேர்த்தது வெளிப்பட்டு, முனைவர் பட்டத்தையும் பதவியையும் இழந்தார்.

பிறந்த ஊர், நடித்த படம் போன்ற தகவல் எவருக்கும் சொந்தமல்ல. அதைச் சொன்ன வாக்கியம் எழுதியவருடையது. எங்கள் நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. விக்கிப்பீடியா தன் எழுத்தை எவரும் எடுக்க விடுகிறது. எங்கிருந்து எடுத்தீர் என்று சொல்லவேண்டும், அதே உரிமத்தில் பகிரவேண்டும், அவ்வளவுதான். நீர் எடுத்த தளம் அப்படி விட்டிருந்ததா என்று பார்த்தீரா?

முன்னவரைப் பார்த்து எழுதுவதே குற்றமென்று நான் சொல்லவரவில்லை. 1859இல் சைமன் காசிச்செட்டி ஆங்கிலத்தில் ‘தமிழ் புளூட்டாக்’ என்ற புலவர் வரலாற்றை வெளியிட்டார். 1886இல் ‘உதயதாரகை’ ஆசிரியர் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை ‘பாவலர் சரித்திர தீபகம்’ எழுதியபோது அந்த நூல் அவருக்கு முன்னால் இருந்தது. ஆனால் முதல் நூலில் இடம் பெற்றவர்கள் சுமார் 200 பேர். சதாசிவம்பிள்ளையின் நூலில் 400க்கு மேல். அந்த மிச்சம் பேரைத் தேடி அலைந்த உழைப்பு அவருடையது.

இப்போது செய்யவேண்டியதைச் சொல்கிறேன். கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் நடந்ததை நீரே எழுதும். அந்தப் பந்திகளை எடுத்துவிடும். சனிக்கிழமை வீட்டுக்கு வாரும். பழைய சினிமா இதழ்கள் என் அலுமாரியில் இருக்கின்றன, அந்தப் படத்தின் விளம்பரத்தைத் தேடி ஆண்டைச் சரிபார்ப்போம்.

அது முடிந்ததும் இன்னொரு வேலையும் உமக்காக வைத்திருக்கிறேன். தாமோதரம்பிள்ளையைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரி என்று பல குறிப்புகள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அவரோடு அதே ஆண்டில் பட்டம் பெற்ற கறோல் விசுவநாதபிள்ளையும் அந்தச் செமினரியில் படித்தவர்தான். அவரைப் பற்றி உம்முடைய சொல்லில் எழுதும். முதல் வாசகன் நானாக இருக்கவேண்டும்.

அன்புடன்,
மாமா